மாதம் ஆயிரம் ரூபாய் போட எந்தக் கணக்கு மலிவு?

மாதம் 1,000 ரூபாயை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டி என்ற சந்தைக் குறியீட்டில் உள்ள 50 கம்பெனிப் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் மியூச்சுவல் ஃபண்ட்) போடப் போகிறவர் புரோக்கரேஜ், அதாவது தரகு, எத்தனை சதவீதம் என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை. அவரைக் கடிப்பது ரூபாய்க் கணக்கில் வரும் கட்டணங்கள்தான். ஒரு ஆர்டருக்குக் குறைந்தது 25 ரூபாய் என்றால், லட்ச ரூபாய்க்கு வாங்குகிறவருக்கு அது கண்ணிலேயே படாது. ஆயிரத்துக்கு வாங்குகிறவருக்கு அது இரண்டரை சதவீதம். மாதாமாதம் அதைக் கொடுத்துவிட்டு, இந்த ஃபண்டின் செலவு விகிதம் (ஃபண்டை நடத்த ஆண்டுக்குக் கழிக்கும் சதவீதம்) 0.10, அந்த ஃபண்டின் செலவு விகிதம் 0.20 என்று உட்கார்ந்து ஆராய்ச்சி செய்து என்ன ஆகப்போகிறது?

நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் ஏறிய வாரத்தில் யாராவது ஒரு பையன் கைபேசியோடு வந்து நிற்பான். "அண்ணா, ஃபிரண்டு லிங்க் அனுப்பியிருக்கான். இதுலயே டீமேட் ஓப்பன் பண்ணிடவா?" டீமேட் என்பது பங்குகளையும் ஃபண்டுகளையும் மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு. இவர்கள் போட நினைப்பது 500, 1,000, மிஞ்சினால் 2,000. அந்த அளவுக்கு எது ஒத்துவரும் என்பது மட்டும்தான் இங்கே பேச்சு. தினமும் வாங்கி விற்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

செலவுக்கு முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். மாதாமாதம் பெரிய வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய ஆருத்ரா, ஐ.எஃப்.எஸ். என்ற நிறுவனங்களின் பெயர்களைக் கேட்டாலே ஆரணியிலும் காட்பாடியிலும் பலருக்கு இன்னும் வயிறு எரியும். 2022இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு உள்ளே நுழைந்தபோது, நகை அடகு வைத்துப் போட்டவர்கள்கூட வரிசையில் நின்றார்கள். அதன் பிறகு இந்தப் பக்கம் யாரிடமாவது "மாதாமாதம் பணம் போடு" என்றால், அவர் ஒரு மாதிரி பார்ப்பது நியாயம்தான். வேறுபாடு இதுதான்: இண்டெக்ஸ் ஃபண்ட் மாதம் இத்தனை சதவீதம் தருவேன் என்று சொல்லாது, சொல்லவும் கூடாது. நிஃப்டி விழுந்தால் உங்கள் பணமும் விழும். 2020 ஜனவரியில் 12,300ஐத் தாண்டி நின்ற நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. இதைத் தாங்க முடியாதவருக்கு எந்த புரோக்கரும் மலிவு இல்லை. அவர் அஞ்சலக ஆர்.டி.யில் போடட்டும்.

புரோக்கர் ஓடிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியும் வரும். 2019 நவம்பரில் கார்வி நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தவறாகப் பயன்படுத்தியதாக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி நடவடிக்கை எடுத்தது நினைவிருக்கலாம். அப்புறம் விதிகள் இறுகிவிட்டன. 2022 ஜூலையிலிருந்து மியூச்சுவல் ஃபண்டுக்குப் போகும் பணத்தை புரோக்கரோ செயலியோ தன் கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. யூனிட்டும், அதாவது ஃபண்டில் உங்களுக்குரிய பாகமும், உங்கள் பெயரில்தான் இருக்கும், ஒன்று ஃபண்டின் பதிவேட்டில், இல்லையென்றால் டீமேட்டில். பணம் கட்டும்போது யுபிஐ முகவரியில் ‘வேலிட்’ என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். செபியில் பதிவு பெற்றவர்களுக்கென்று 2025 அக்டோபரில் வந்த ஏற்பாடு அது. வாட்ஸ்ஆப் குழுவில் வரும் கியூஆர் கோடுக்கு அது இருக்காது.

சரி, இனி செலவு.

ஃபண்ட் நிறுவனத்தின் செயலியிலோ வலைத்தளத்திலோ நேரடியாகப் போடுவதுதான் முதல் வழி. யூடிஐ, எச்டிஎஃப்சி, எஸ்பிஐ, நிப்பான், ஐசிஐசிஐ என்று எல்லாரிடமும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் இருக்கிறது. பான், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் கேஒய்சி முடிந்துவிடும். அந்த ஃபண்ட் நிறுவனத்தில் உங்கள் கணக்குக்கு ஒரு ஃபோலியோ எண் கொடுப்பார்கள். கணக்குத் திறக்கக் கட்டணம் இல்லை, ஆண்டுக் கட்டணம் இல்லை, வாங்க விற்க புரோக்கரேஜ் இல்லை. ஃபண்டின் செலவு விகிதம் மட்டும்தான். அதுவும் தனியாகக் கட்டுவதில்லை, தினமும் என்ஏவியிலேயே (ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு) கழிந்துவிடும். அரசு முத்திரை வரியாக 0.005 சதவீதம் போகும். ஆயிரத்துக்கு ஐந்து பைசா. இவ்வளவு மலிவான வழிக்கு விளம்பரம் ஏன் இல்லை என்றால், இதில் இடையில் சம்பாதிக்க ஆளே இல்லை.

இதன் குறை, மூன்று நிறுவனங்களில் ஃபண்ட் வாங்கினால் மூன்று செயலி, மூன்று பாஸ்வேர்டு. ஆனால் மாதம் ஆயிரம் போடுகிறவருக்கு மூன்று ஃபண்ட் எதற்கு? ஒரே நிஃப்டி 50ஐ மூன்று நிறுவனத்தில் வாங்கினாலும் உள்ளே இருப்பது அதே 50 கம்பெனிதான். ஒன்று போதும். பிற்பாடு கூடினாலும், ஃபண்டுகளின் பதிவேட்டைப் பராமரிக்கும் கேம்ஸும் கேஃபின்டெக்கும் சேர்ந்து 2021இல் தொடங்கிய எம்எஃப் சென்ட்ரலில் எல்லா ஃபோலியோவையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

இரண்டாவது வழி டிஸ்கவுன்ட் புரோக்கர். ஜெரோதா, குரோ, ஏஞ்சல் ஒன், அப்ஸ்டாக்ஸ் மாதிரியான செயலிகள். இவற்றிலும் டைரக்ட் பிளான் (ஏஜென்ட் கமிஷன் இல்லாத வகை) வாங்கலாம், அதற்கு புரோக்கரேஜ் இல்லை. பார்க்க அழகாக இருக்கும், எல்லா ஃபண்டும் ஒரே திரையில் வரும். சிலர் யூனிட்டை ஃபோலியோவாகவே வைப்பார்கள். சிலர் டீமேட்டில் வைப்பார்கள். ஜெரோதாவின் காயின் டீமேட் வழியில் வளர்ந்தது. இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரும் பணம் போடக் கூடாது என்பது என் கட்சி. ஏனென்றால் டீமேட் என்று வந்துவிட்டால் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் என்ற கேள்வியும் கூடவே வரும்.

ஆண்டுக்கு 300 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று வைத்துக்கொள்வோம், சாதாரண டீமேட்டுக்கு இது பரவலாக உள்ள அளவு. 354 ரூபாய் ஆகிறது. முதல் ஆண்டில் நீங்கள் போட்டது 12,000. அதில் 354 என்பது கிட்டத்தட்ட மூன்று சதவீதம். தொகை வளர வளர சதவீதம் குறையும், உண்மைதான். ஆனாலும் பத்து ஆண்டில் 3,540 ரூபாய் போயிருக்கும். இதை ரெகுலர் பிளானோடு (ஏஜென்ட் கமிஷனும் சேர்ந்த வகை) ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் 1,000 பத்து ஆண்டுக்கு, வெறும் கணக்குக்காக ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால், சுமார் 2,04,800 வரும். ஏஜென்ட் கமிஷனுக்காக 0.3 சதவீதம் குறைந்து 9.7 ஆனால் சுமார் 2,01,400. வித்தியாசம் 3,400 சொச்சம். அதாவது "ரெகுலர் பிளான் கொள்ளை" என்று சொல்லிவிட்டு டைரக்ட் பிளானை டீமேட்டில் வாங்கி ஆண்டுக் கட்டணம் கட்டுகிறவர், அதே பணத்தை வேறு வாசல் வழியாகக் கொடுக்கிறார்.

இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு. பேசிக் டீமேட், சுருக்கமாக பிஎஸ்டிஏ. 2024 செப்டம்பர் முதல் அதில் உள்ள மதிப்பு 4 லட்சம் வரை இருந்தால் பராமரிப்புக் கட்டணமே கிடையாது. 4 முதல் 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய். தகுதியுள்ளவருக்கு புரோக்கர் தானாகவே இந்த வகையில்தான் திறக்க வேண்டும். ஆனால் நிபந்தனை: முதல் பெயரில் உங்களுக்கு நாடு முழுக்க ஒரே ஒரு டீமேட்தான் இருக்க வேண்டும். எங்கள் பையன்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஐபிஓவுக்காக (புதுப் பங்கு வெளியீடு) ஒன்று, மச்சான் அனுப்பிய லிங்கில் ஒன்று, வங்கிக்குப் போனபோது மேலாளர் ‘டார்கெட்’ என்று கெஞ்சியதால் ஒன்று என்று மூன்று வைத்திருப்பார்கள். மூன்றும் சலுகையை இழந்துவிடும். மூன்றாவதை எங்கே திறந்தோம் என்பதுகூட சிலருக்கு மறந்துபோயிருக்கும், கட்டணம் மட்டும் நிலுவையாக ஏறிக்கொண்டே இருக்கும்.

புரோக்கர்களைத் தங்களுக்குள் ஒப்பிட்டால்? இண்டெக்ஸ் ஃபண்டைப் பொறுத்தவரை நான்கைந்து பெரிய செயலிகளுக்குள் பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பராமரிப்புக் கட்டணம் உண்டா, யூனிட் எந்த வடிவில் இருக்கும், எதிர்முனையில் மனிதர் பேசுவாரா, அவ்வளவுதான். ஒரு சின்ன எச்சரிக்கை: இப்போது புரோக்கர்களே ஃபண்ட் நிறுவனமும் நடத்துகிறார்கள். ஜெரோதாவுக்கும் குரோவுக்கும் சொந்த ஃபண்டுகள் உண்டு. திரையில் மேலே வரும் ஃபண்ட் சிறந்தது என்று நினைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது ஈடிஎஃப், பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட். புரோக்கர்களுக்குள் வித்தியாசம் உண்மையிலேயே பணமாகத் தெரிவது இதில்தான். இந்தியாவின் முதல் ஈடிஎஃப் 2001இல் வந்த நிஃப்டி பீஸ். இன்று நிப்பான் கையில் இருக்கிறது. செலவு விகிதம் இண்டெக்ஸ் ஃபண்டைவிடக் குறைவாக இருப்பதால் படித்தவர்கள் இதைத்தான் சிபாரிசு செய்வார்கள். ஆனால் இது பங்கு மாதிரி சந்தையில் வாங்க வேண்டியது. டீமேட் கட்டாயம். முழு யூனிட்டாகத்தான் கிடைக்கும். ஒரு யூனிட் 280 ரூபாய் என்றால் ஆயிரத்துக்கு மூன்று வரும், மீதி 160 சும்மா கிடக்கும். இண்டெக்ஸ் ஃபண்டில் பின்னக் கணக்கில் யூனிட் விழும், ஒரு ரூபாய்கூட மிஞ்சாது.

டெலிவரிக்கு (வாங்கியதை அன்றே விற்காமல் டீமேட்டில் வைப்பதற்கு) புரோக்கரேஜே வாங்காதவர்களும் இருக்கிறார்கள். 0.1 சதவீதம் என்று சொல்லிவிட்டு, ஒரு ஆர்டருக்குக் குறைந்தது 5 ரூபாய் என்று அடியில் சின்ன எழுத்தில் போடுகிறவர்களும் உண்டு. ஐந்து ரூபாயும் ஜிஎஸ்டியும் 5.90, ஆயிரத்துக்கு 0.59 சதவீதம். ஈடிஎஃப்பின் செலவு விகிதத்தில் நீங்கள் மிச்சம் பிடித்ததெல்லாம் இதில் போய்விட்டது. விற்கும் நாளில், டீமேட்டிலிருந்து யூனிட்டை எடுப்பதற்கு டிபி கட்டணம் என்று 15 முதல் 20 ரூபாய் வரை போகும். எத்தனை யூனிட் விற்றாலும் அன்றைக்கு அதே தொகைதான், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறவருக்குத்தான் அது வலிக்கும். வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் உள்ள இடைவெளி இன்னொரு செலவு. வர்த்தகம் குறைவான ஈடிஎஃப்களில் அது புரோக்கரேஜைவிடப் பெரியது. ஆயிரம் ரூபாய்க்காரருக்கு ஈடிஎஃப் வேண்டாம் என்பேன். ஐம்பதாயிரம் கையில் சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

நான்காவது வங்கி. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே போட்டால் வசதி என்று தோன்றும். வங்கி வழியாக வருவது பெரும்பாலும் ரெகுலர் பிளான். வங்கிகளின் தரகுப் பிரிவுகள் சிலவற்றில் ஆர்டருக்கு 25 ரூபாய் என்ற குறைந்தபட்சமும் இருக்கிறது. வேறு சொல்வதற்கு இல்லை.

ஐந்தாவது, ஊரில் இருக்கும் ஏஜென்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும். காட்பாடி காந்தி நகரிலோ குடியாத்தத்திலோ இருபது வருடமாக இதே தொழில் செய்கிற ஒருவர், 2020 மார்ச் மாதிரி ஒரு சமயத்தில் போன் செய்து "எடுக்காதீங்க சார், தவணையை நிறுத்தாதீங்க" என்று சொன்னால், அந்த 0.3 சதவீதம் கொடுத்தது தகும். சிக்கல் வேறு இடத்தில். உங்கள் ஆயிரம் ரூபாய் தவணையிலிருந்து முதல் ஆண்டு அவருக்குக் கிடைப்பது முப்பது நாற்பது ரூபாயைத் தாண்டாது. ஒரு டீயும் வடையும் என்ற கணக்கில் அவர் உங்களுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பார்? நல்லவராகவே இருந்தாலும் கமிஷன் கூடுதலான ஆக்டிவ் ஃபண்டுக்கோ (மேலாளர் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் ஃபண்ட்) முதலீடும் கலந்த யூலிப் காப்பீட்டுக்கோ பேச்சைத் திருப்பத்தான் தோன்றும். இண்டெக்ஸ் ஃபண்ட் மட்டும் போடப் போகிறவருக்கும் ஏஜென்ட்டுக்கும் ஒத்துவராது. இருவர் மேலும் தப்பில்லை.

இந்த ஐந்தையும் ஒப்பிட்டாலும், எந்தக் கட்டணப் பட்டியலிலும் இல்லாத ஒரு செலவு மிச்சம் இருக்கிறது. தவணைத் தேதியில் வங்கியில் பணம் இல்லையென்றால் ஃபண்ட் நிறுவனம் அபராதம் போடாது. வங்கி போடும். பல வங்கிகளில் 250 முதல் 500 ரூபாய் வரை, ஜிஎஸ்டி தனி. ஒரே ஒரு தடவை திரும்பினால் 295 ரூபாய். அந்த மாதத் தவணையில் முப்பது சதவீதம் போய்விட்டது. மலிவான புரோக்கரைத் தேடிப் பத்து ஆண்டில் மிச்சம் பிடிக்கும் தொகையை ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை தவணை திரும்பினாலே ஐந்தாறு ஆண்டுக்குள் வங்கிக்குக் கொடுத்துவிடுவோம். தொடர்ந்து மூன்று மாதம் திரும்பினால் எஸ்ஐபியே (மாதாமாதம் தானாகத் தவணை எடுக்கும் ஏற்பாடு) ரத்தாகும்.

எங்கள் பக்கத்தில் இது வெறும் அலட்சியம் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலையும் ஷூவையும் நம்பியிருக்கும் வீடுகளில் வருமானம் ஆர்டரைப் பொறுத்து ஏறி இறங்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியபோது, ஓவர்டைம் இருக்குமா என்பதே எல்லாருடைய பேச்சாக இருந்தது. அப்படிப்பட்டவர்கள் 2,000க்கு ஆட்டோ டெபிட் கொடுத்துவிட்டு முழிப்பதைவிட, 500க்கு மட்டும் எஸ்ஐபி வைத்துக்கொண்டு, கையில் மிஞ்சும் மாதத்தில் அதே ஃபோலியோவில் யுபிஐ மூலம் கூடுதலாகப் போடலாம். கூடுதலாகப் போடுவதற்கு எந்தக் கட்டணமும் இல்லை. சம்பளம் 7ஆம் தேதி என்றால் தவணையை 12ஆம் தேதி வையுங்கள். 10 வேண்டாம், நடுவில் ஒரு ஞாயிறும் ஒரு விடுமுறையும் வந்தால் சம்பளமே 10ஆம் தேதிதான் ஏறும். பணம் இருக்காது என்று முன்பே தெரிந்தால் சில நாள் முன்னதாகவே செயலியில் நிறுத்திவைத்துவிடுங்கள். வேலை மாறினால் பழைய சம்பளக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காகிவிடும், குறைந்தபட்ச இருப்பு என்று அதிலும் பிடிப்பார்கள். தவணையைப் புதிய கணக்குக்கு மாற்றிய பிறகு அதை மூடலாம்.

நான் நேரடி ஃபோலியோவின் பக்கம் சாய்வதற்கு விலை தவிர இன்னொரு காரணம் இருக்கிறது. பணம் போட்டவர் இறந்துவிட்டால் வீட்டில் இருப்பவர் யாரிடம் போவார்? ஃபோலியோவாக இருந்தால் அந்த ஃபண்டின் பதிவாளர் அலுவலகம். எஸ்பிஐ, எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ ஃபண்டுகளுக்கு கேம்ஸ். யூடிஐ, நிப்பானுக்கு கேஃபின்டெக். இரண்டுக்கும் வேலூரிலேயே சேவை மையம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழோடு நேரில் போய், தமிழில் கேட்டு, எந்தப் படிவம் என்று காட்டச் சொல்லலாம். டீமேட்டில் இருந்தால் புரோக்கரிடம்தான் போக வேண்டும். பெரிய செயலிகளின் தலைமை அலுவலகங்கள் பெங்களூருவிலும் மும்பையிலும் இருக்கின்றன. மின்னஞ்சல், கூரியர், ஆங்கிலப் படிவம். காட்பாடியில் ரயில் ஏறினால் பெங்களூரு தூரம் இல்லை, ஆனால் கணவனை இழந்த ஒரு அம்மாவுக்கு அது வெளிநாடு. எந்த வழியாக இருந்தாலும் நாமினி பெயர் சேர்த்திருப்பது இந்த வேலையைப் பாதியாக்கும்.

எல்லாருக்கும் ஒரே பதில் இல்லைதான். ஏற்கெனவே ஒரே ஒரு டீமேட் வைத்து, அது பிஎஸ்டிஏ என்று உறுதியானால், அந்த புரோக்கரிடமே இண்டெக்ஸ் ஃபண்ட் போடுவதில் தவறில்லை. மூன்று டீமேட் வைத்திருப்பவர் முதலில் இரண்டை மூடட்டும். மூடுவதற்குக் கட்டணம் கிடையாது, பங்கு இருந்தால் மீதமுள்ள கணக்குக்கு மாற்றிக்கொண்டு மூட வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர், வேறு பங்கு எதுவும் வாங்கப் போவதில்லை என்றால், டீமேட்டே திறக்காமல் ஃபண்ட் நிறுவனத்தில் நேரடியாகப் போகட்டும். ஃபண்டைத் தேர்ந்தெடுக்கும் திரையில் பெயரின் கடைசியில் ‘டைரக்ட்’, ‘குரோத்’ (லாபத்தைப் பிரித்துக் கொடுக்காமல் ஃபண்டிலேயே வளரவிடும் வகை) என்ற இரண்டும் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே வங்கி வழியாக ரெகுலர் பிளானில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாற்றுவது வரிக் கணக்கில் விற்று வாங்குவதுதான். ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீத வரி. ஓராண்டு தாண்டியதற்கு 12.5 சதவீதம், அதிலும் ஒரு நிதியாண்டில் இப்படி வரும் லாபத்தில் 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதனால் பழைய எஸ்ஐபியை நிறுத்திவிட்டு, அதே தேதியில் புதியதை டைரக்ட் பிளானில் தொடங்குங்கள். பழைய யூனிட்டுகளில் கடைசித் தவணைக்கும் ஓராண்டு முடிந்த பிறகு மொத்தமாக மாற்றினால், இந்த அளவுத் தொகைக்கு வரி என்று ஒன்றும் கட்ட வேண்டியிருக்காது.